விண்டோஸ் எழும்பேல்லை எண்டா பைலும் செத்துப் போச்சோ?

இந்த முறை வந்த கேள்வியளைப் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான். கொம்பியூட்டர் எழும்புதில்லை, கடையில போர்மட் அடிக்கோணும் எண்டுறாங்கள், உள்ளுக்க கிடக்கிற படங்களுக்கு என்ன கதி எண்டு. அதால பிரிண்டர் மை காயுது, வைபை அறைக்குள்ள வருதில்லை, பெடியன் விடிய விடிய கேம் அடிக்கிறான் எண்ட முறைப்பாடுகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதை மட்டும் எடுக்கிறன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: வணக்கம் தம்பி. நான் ஓய்வுபெற்ற ரீச்சர், வெள்ளவத்தையில மகளோட இருக்கிறன். என்ர லப்டொப் வாங்கி ஆறு வருசம். போன கிழமையில இருந்து போட்டா நீலத் திரை வருது, தானா ஓஃப் ஆகித் திரும்பப் போடுது, திரும்பவும் நீலம். எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ரெண்டு வருசமா ரைப் பண்ணின கட்டுரையள், பேரப்பிள்ளையின்ர முதலாம் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதுக்குள்ளதான். கடையில காட்டினா "அன்ரி, விண்டோஸ் போயிட்டுது, புதுசா அடிக்கோணும், உள்ளுக்க இருக்கிறது போகும்" எண்டு சொல்லுறாங்கள். மகளின்ர சிநேகிதி லினக்ஸ் டிஸ்க் ஒண்டு போட்டா எடுக்கலாம் எண்டவ. லினக்ஸ் எண்டா என்னண்டே எனக்குத் தெரியாது. என்னால ஏலுமோ?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: ஏலும் ரீச்சர். ரெண்டு வருசம் இருந்து மலருக்கு ரைப் பண்ணின ஆளுக்கு இது பெரிய வேலை இல்லை, பொறுமைதான் வேணும், அது எங்களை விட உங்களிட்டக் கூட இருக்கும்.

விண்டோஸ் வேற, உங்கட கட்டுரை வேற. ரெண்டும் ஒரே டிஸ்க்கில கிடக்கிறதால ஒண்டு போனா மற்றதும் போச்சு எண்டு நினைச்சுக் கலங்கிறம். நடந்தது என்னண்டா முன் கதவுப் பூட்டு இறுகிப்போச்சு, வீட்டுக்குள்ள அலுமாரியும் படமும் பாத்திரமும் வைச்ச இடத்திலதான் இருக்கு. கடைக்காரர் சொல்லுறது, பூட்டுத் திறக்கேலாட்டி வீட்டை இடிச்சுப் புதுசாக் கட்டித்தாறன் எண்டு. லைவ் லினக்ஸ் எண்டது குசினிப் பக்கத்துக் கதவு. அந்த டிஸ்க்குக்குள்ளயே விண்டோஸ் மாதிரிக் கொம்பியூட்டரை ஓட்டுற லினக்ஸ் எண்ட ஒரு முழு ஒப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கு, கொம்பியூட்டரைப் போட்டவுடன அது நேரா ரெம் எண்ட தற்காலிக நினைவுக்குள்ள ஏறி ஓடும், நீங்களா ஒண்டைச் செய்தாலொழிய உங்கட ஹாட் டிஸ்க்கில ஒரு எழுத்தும் எழுதாது, வேலை முடிஞ்சு ஓஃப் பண்ணினா வந்துபோன தடமே இருக்காது.

புது வித்தையும் இல்லை இது. கிளவுஸ் க்னொப்பர் எண்ட ஜேர்மன்காரர் 2000 ஆம் ஆண்டே க்னொப்பிக்ஸ் எண்டு ஒண்டை விட்டவர், 700 எம்பீ சீடிக்குள்ள ஏறக்குறைய 2 ஜீபீ சாமானைச் சுருக்கி அடைச்சு, போட்டவுடன ஓடுற மாதிரி. 2004 இல உபுண்டு எண்ட இன்னொரு லினக்ஸ் வந்தது, பிறகு கொஞ்சக் காலம் கேட்ட ஆக்களுக்குச் சும்மாவே சீடியைத் தபாலில அனுப்பிவிட்டவை, 2011 இல நிப்பாட்டிட்டினம். எனக்கு வந்த கவர் இன்னும் கிடக்கு. அந்தச் சீடி மேசை லாச்சிக்குள்ள தூங்க, அது எதுக்கெண்டே விளங்காத காலத்தில, அக்காவின்ர கலியாண வீடியோ கிடந்த கொம்பியூட்டரைக் கொண்டுபோய் ஒரு கடையில குடுத்தன். பின்னேரம் வாங்கோ எண்டான். போனா புது விண்டோஸ், பளபளண்டு, உள்ளுக்க ஒரு சாமான் இல்லை. அத்தான் இண்டைக்கும் சோத்துக்கு முன்னால இருந்து அதைச் சொல்லிக்காட்டுவார். நான் இதில இவ்வளவு பிடிவாதமா நிக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

சரி, வேலைக்கு வருவம். மகளின்ர கொம்பியூட்டரில, அதுவும் இல்லாட்டி தெரிஞ்ச கொமினிகேஷன் ஒண்டில, லினக்ஸ் மின்ட் எண்டதை டவுன்லோட் பண்ணுங்கோ, காசு இல்லை, ஏறக்குறைய 3 ஜீபீ வரும், ஐஎஸ்ஓ எண்டு முடியிற ஒரே ஒரு பைல். டீவீடீ ஒண்டு 4.7 ஜீபீ கொள்ளும், அதால இது டீவீடீயில ஏறும். உபுண்டு இப்ப 5 ஜீபீக்கு மேல வளர்ந்திட்டுது, அதுக்குப் பென் டிரைவ்தான். ஆக்கள் கூடப் பிழைவிடுற இடம் இதுதான் பாருங்கோ, அந்தப் பைலைச் சும்மா டீவீடீக்குள்ள இழுத்துப் போட்டா எழும்பாது, விண்டோஸில அதுக்கு மேல ரைட் கிளிக் பண்ணி பேர்ன் டிஸ்க் இமேஜ் எண்டு குடுக்கோணும். உங்கட லப்டொப்பில டீவீடீ போடுற இடம் இல்லாட்டி, இப்ப வாற கனக்க லப்டொப்பில இல்லைத்தான், 8 ஜீபீ பென் ஒண்டு எடுத்து ரூபஸ் இல்லாட்டி எட்சர் எண்ட சின்ன சொப்ட்வெயாரால ஏத்துங்கோ. ஏத்தேக்க பென்னில முன்னம் கிடந்தது எல்லாம் அழியும். ஒண்டைக் காப்பாத்தப் போய் இன்னொண்டைப் பறிகுடுத்த ஆக்களையும் கண்டிருக்கிறன், அதால முதல்ல மகளிட்டக் கேளுங்கோ, பிள்ளை ஏதும் அதுக்குள்ள வைச்சிருக்கோ எண்டு. இது போக, எடுத்த சாமானைப் போட எக்ஸ்டேர்னல் டிஸ்க் ஒண்டும் வேணும்.

லப்டொப்பைப் போட்ட கையோட, எச்பீ எண்டா எஃப் 9, டெல், லெனோவோ எண்டா எஃப் 12, அசுஸ் எண்டா எஸ்கேப், டக்கு டக்கெண்டு தட்டிக்கொண்டே இருங்கோ. எதால எழும்பிறது எண்டு ஒரு பட்டியல் வரும், டீவீடீயோ யூஎஸ்பியோ அதைத் தெரிஞ்செடுங்கோ. டீவீடீ எண்டா ஆறுதலாத்தான் வரும், கரகரண்டு சத்தம் போடும், ஒரு பிளேன்டீ ஊத்திக்கொண்டு வாங்கோ. வந்தவுடன விண்டோஸ் மாதிரியே ஒரு திரை தெரியும். அதில இன்ஸ்டோல் லினக்ஸ் மின்ட் எண்டு ஒரு படம் இருக்கும், ரீச்சர், அதைத் தொடவே தொடாதேங்கோ. லைவ் டிஸ்க்கில பெரிய ஆபத்தான சாமான் அதுதான். அதை அமத்தி நெக்ஸ்ட் நெக்ஸ்ட் எண்டு போனா, கடைக்காரன் செய்ய இருந்ததை நீங்களே செய்து முடிப்பீங்கள்.

போல்டர் படத்தை அமத்தினா இடப்பக்கம் உங்கட டிஸ்க் காட்டும், பேர் இல்லாட்டி 500 ஜீபீ வொலியூம் மாதிரி அளவைத்தான் போட்டிருக்கும். அதுக்குள்ள யூசர்ஸ், அதுக்குள்ள உங்கட பேர், அதுக்குள்ள டொக்கியூமன்ட்ஸ், டெஸ்க்டொப், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். டெஸ்க்டொப் வெறுமையாக் கிடந்தா நெஞ்சைப் பிடிக்காதேங்கோ, பக்கத்தில வன்டிரைவ் எண்டு ஒரு போல்டர் இருக்கும், விண்டோஸ் கனபேருக்குக் கேக்காமலே சாமானை அதுக்குள்ள மாத்தி வைக்கிறது. அதிலயும் சிலது திறக்கேலாத லிங்க் மாதிரி நிக்கும், அது உங்கட டிஸ்க்கிலயே இல்லை, மைக்ரோசொப்டின்ர சேர்வரில கிடக்கு, வேற கொம்பியூட்டரில உங்கட எக்கவுண்டால லொகின் பண்ணி எடுக்கலாம்.

எழுத ஏலாது, வாசிக்க மட்டும்தான் எண்டு ஒரு செய்தி வந்தாலும் பரவாயில்லை, எங்களுக்கு வாசிச்சாக் காணும். விண்டோஸ் 8 இல இருந்து ஓஃப் பண்ணினாலும் அது முழுசா ஓஃப் ஆகிறதில்லை, அரைத் தூக்கத்தில கிடக்கும், அந்த நிலையில லினக்ஸ் உள்ளுக்க கைவைக்காம மரியாதையா எட்டி நிண்டு பார்க்கும்.

எல்லாத்தையும் கொப்பி பண்ணி எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில ஒட்டுங்கோ. அந்த டிஸ்க் பாட் 32 முறையில கிடந்தா 4 ஜீபீக்குப் பெரிய வீடியோ ஏறாது, என்டிஎப்எஸ் இல்லாட்டி எக்ஸ்பாட் எண்டாப் பிரச்சினை இல்லை. கொப்பி முடிஞ்சுது எண்டு காட்டினவுடன இழுத்துக் கழட்டிப்போடாதேங்கோ. லினக்ஸ் கொஞ்சத்தை ரெம்மில வைச்சுக்கொண்டு பின்னால ஆறுதலா எழுதும், இஜெக்ட் குடுத்து, இப்ப கழட்டலாம் எண்டு அது சொல்லும்வரைக்கும் இருங்கோ. பிறகு மகளின்ர கொம்பியூட்டரில குத்தி அங்க ஒண்டு இங்க ஒண்டு திறந்து பாருங்கோ, படம் நாலு, கட்டுரை நாலு. பார்க்காம நம்பினா அது காப்பாத்தினதில சேர்த்தியில்லை.

இன்னொண்டு, இது எங்கட ஆக்களுக்கு மட்டும் வாற பயம். நீங்கள் பாமினி எண்ட தமிழ் பொன்ட்டில ரைப் பண்ணியிருப்பியள் எண்டு நினைக்கிறன். லைவ் லினக்ஸில அந்தக் கட்டுரையைத் திறந்தா தமிழே இருக்காது, இங்கிலீசு எழுத்தும் இடைக்கிடை அரைப்புள்ளியுமா ஏதோ மந்திரம் எழுதின மாதிரித் தெரியும். பைல் பழுதாப் போகேல்லை. பாமினி இங்கிலீசு எழுத்துகளுக்கு மேலதான் தமிழை வரைஞ்சிருக்கு, குத்துப் போடுறது அரைப்புள்ளிக் கட்டையாலதானே. அந்த பொன்ட் லினக்ஸில இல்லாததால உள்ளுக்க கிடக்கிறது அப்பிடியே வெளிய தெரியுது. சேவ் பண்ணாம மூடிப்போட்டுக் கொப்பி பண்ணுங்கோ. அதோட விண்டோஸ் போல்டருக்குள்ள பொன்ட்ஸ் எண்ட இடத்தில பாமினியும் கிடக்கும், அதையும் எடுத்து வையுங்கோ, புது மெசினில உடன தேடுவியள்.

கடைசியா அந்த நீலத் திரைக்கு வாறன். லைவ் லினக்ஸ் அரை மணித்தியாலம் ஒழுங்கா ஓடினா ரெம்மும் மதர்போர்ட்டும் பெரும்பாலும் நல்லா இருக்கு, பிழை விண்டோஸிலயோ டிஸ்க்கிலயோதான். லினக்ஸும் இடையில விறைச்சு நிண்டா ரெம்மைச் சந்தேகப்படுங்கோ. வெள்ளவத்தையில கடல் காத்து ஜன்னல் கம்பியையே தின்னுது, ரெம்மின்ர பல்லு எம்மாத்திரம். தெரிஞ்ச பெடியன் ஒருத்தனைக் கொண்டு கழட்டி, அந்தத் தங்கநிறப் பல்லை வெள்ளை அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சுத் துடைச்சுத் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. சில நேரம் முழு வியாதியும் அதுதான்.

கேள்வி: அண்ணா, நான் கம்பஸ் இறுதி வருசம். லப்டொப் திடீர்னு ஓட்டமேட்டிக் ரிப்பெயார்லயே நிக்குது. உபுண்டு பென்ல பூட் பண்ணிட்டேன், ஆனா டிஸ்க்கை கிளிக் பண்ணினா பாஸ்வேர்ட் கேக்குது. விண்டோஸ் பாஸ்வேர்ட் அடிச்சேன், எடுக்கல. நான் டிஸ்க்குக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டதே இல்ல! இதே பென்னை தங்கச்சியோட லப்டொப்ல போட்டுப் பாத்தா டிஸ்க்கே காட்டல. என்ன பண்றது?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, நீங்கள் போடேல்லை, விண்டோஸ் போட்டிருக்கு. பிட்லொக்கர் எண்டு பேர், டிஸ்க்கில கிடக்கிற முழுச் சாமானையும் குழப்பிப் பூட்டி வைக்கிறது. விண்டோஸ் 11 இன்ர 24எச்2 எண்ட பதிப்பு வந்த பிறகு புதுசா அடிக்கிற மெசினில மைக்ரோசொப்ட் எக்கவுண்டால லொகின் பண்ணினா பெரும்பாலும் அது தானாவே போட்டுவிடும், ஆருக்கும் சொல்லாது. திறக்கிறதுக்கு 48 இலக்கம் கொண்ட ரிக்கவரி கீ ஒண்டு இருக்கு. போனில பிரவுசரைத் திறந்து, லப்டொப்பில பாவிச்ச அதே மைக்ரோசொப்ட் எக்கவுண்டுக்குள்ள போய் டிவைசஸ் எண்ட இடத்தில உங்கட லப்டொப்பைப் பாருங்கோ, பிட்லொக்கர் கீ அங்க கிடக்கும். கம்பஸ் தந்த எக்கவுண்டால லொகின் பண்ணியிருந்தா அங்கத்தைய ஐடீ ஆக்களிட்டக் கேக்கலாம். அந்த 48 இலக்கத்தையும் நடுவில வாற கோட்டோட சேர்த்து உபுண்டு கேக்கிற பெட்டிக்குள்ள அடிச்சாத் திறக்கும். கீ எங்கயுமே இல்லாட்டி, கவலையாத்தான் இருக்கு, ஆனா லினக்ஸாலயும் ஏலாது, கடைக்காரராலயும் ஏலாது. நான் எடுத்துத் தாறன், அட்வான்ஸ் தாங்கோ எண்டு ஆராவது சொன்னா அந்தக் காசைக் கொத்துரொட்டிக்காவது செலவழியுங்கோ.

தங்கச்சியின்ர லப்டொப் வேற கதை. அதில பயோஸ் எண்ட, விண்டோஸுக்கு முன்னம் வாற செற்றிங் திரைக்குள்ள டிஸ்க் ரெயிட் எண்டோ இன்டெல் ஆர்எஸ்டீ எண்டோ போட்டிருக்கும், அப்பிடிக் கிடந்தா சில லினக்ஸுக்கு டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. ஏஎச்சிஐ எண்டு மாத்தினாத் தெரியும். மாத்திறதுக்கு முதல் அந்தத் திரையைப் போனால ஒரு படம் எடுத்து வையுங்கோ, வேலை முடிய பழையபடி மாத்தாட்டி நல்லா இருக்கிற விண்டோஸும் எழும்பாது. அதோட, பயோஸில கை வைச்சா பிட்லொக்கர் சந்தேகப்பட்டுக் கீ கேக்கும், அதால அந்த 48 இலக்கத்தை முன்னமே எழுதி வைச்சிட்டுத்தான் தொடங்கோணும். உண்மையைச் சொன்னா, நல்லா ஓடுற லப்டொப்பில இதை ஏன் செய்யிறியள் எண்டும் விளங்கேல்லை. விடுங்கோ.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். மருதானையில சின்ன ஹாட்வெயார் கடை ஒண்டு வெச்சிரிக்கம். கணக்கு, கடன் பொத்தகம் எல்லாம் கடைக் கொம்பியூட்டர்லதான். கரண்ட் போய்ப் போய் வந்ததுல இப்ப டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போடுது, விண்டோஸ் வர அரை மணித்தியாலம், சில நேரம் வாறதே இல்ல. தம்பி ஒருத்தர் செக் டிஸ்க் ஓட்டினாச் சரியாகும்னு செல்றார். வெளிய காட்டினா சல்லி கூடக் கேக்கிறாங்க. லினக்ஸ் போட்டு எடுக்கேலுமா, கொஞ்சம் செல்லுங்க.
(வாசகர், மருதானை)

பதில்: வஅலைக்கும் ஸலாம் நானா. இதை வாசிச்ச கையோட கொம்பியூட்டரை ஓஃப் பண்ணுங்கோ. மற்றக் கதை பிறகு.

மேல ரீச்சருக்குச் சொன்னது டிஸ்க் நல்லா இருந்து விண்டோஸ் போன வருத்தம். உங்களுக்கு டிஸ்க்கே சாகுது, இதில ஒவ்வொரு நிமிசமும் எண்ணிக்கை. டிக் டிக் எண்டு ஒரே தாளத்தில விடாமல் அடிச்சா, வாசிக்கிற தலை இடம் பிடிக்க ஏலாம திரும்பத் திரும்ப அடிபடுது எண்டு அர்த்தம். ஓட ஓட தலை தட்டைச் சுரண்டும், சுரண்டின இடத்தில கிடந்த கணக்கு தூளாப் போகும், பிறகு ஆராலும் ஏலாது. அந்த நிலைக்கு லைவ் லினக்ஸும் இல்லை, ஒண்டும் இல்லை, தூசி இல்லாத அறை வைச்சு டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யிற இடத்துக்குத்தான் குடுக்கோணும், காசு கூடத்தான். கடைக்கு வெளிய எவ்வளவு கடன் நிக்குது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பார்த்து முடிவு எடுங்கோ. பிரிட்ஜுக்குள்ள வைச்சாச் சரியாகும் எண்டு ஆரும் சொன்னா கேக்காதேங்கோ, கொழும்புக் காத்தில கிடக்கிற ஈரத்துக்கு வெளிய எடுத்தவுடன டிஸ்க் வேர்த்து வடியும்.

சத்தம் எப்பவாவது ஒண்டுதான், மற்றும்படி மெதுவா இழுத்து இழுத்து ஓடுது, சில பைல் திறக்குது சிலது திறக்குதில்லை எண்டாக் கதை வேற. தட்டில அங்கங்க பழுது, அப்ப லினக்ஸால நல்லாவே ஏலும். அந்தச் செக் டிஸ்க்கை மட்டும் ஓட்டவே விடாதேங்கோ. அது விண்டோஸைத் திருத்தப் பார்க்குமே தவிர உங்கட கணக்கைக் காப்பாத்திற எண்ணத்தில வாறதில்லை, சாகக் கிடக்கிற டிஸ்க்கை முழுக்க உருட்டி எடுத்து, எழுதியும் வைக்கும். சிஸ்டம் ரெஸ்க்கியூ எண்ட லைவ் டிஸ்க் ஒண்டு இருக்கு, அதுக்குள்ள டீடீ ரெஸ்க்கியூ எண்டு ஒரு சாமான், அன்டோனியோ டியாஸ் டியாஸ் எண்டவர் எழுதினது. அது பைல் பைலாக் கொப்பி பண்ணாது, முழு டிஸ்க்கையும் மேலிருந்து கீழ உரிச்சு இன்னொரு டிஸ்க்குக்கு எடுக்கும். முதல் சுத்தில லேசா வாறதை எல்லாம் அள்ளும், இடறுற இடத்தில நிண்டு மினக்கெடாமப் பாய்ஞ்சு போகும், நல்லது எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் பழுது இடத்துக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டும். டிஸ்க் இடையில செத்தாலும் பெரும்பங்கு வந்திருக்கும். சாதாரணமாப் போட்டு இழுக்கிற கொப்பி முதல் பழுதிலயே மணிக்கணக்கா நிண்டு டிஸ்க்கையும் கொண்டுபோட்டு விடும், வித்தியாசம் அதுதான்.

அதின்ர இன்னொரு கெட்டித்தனம், எது எடுத்தாச்சு எது மிச்சம் எண்டு மெப் பைல் எண்ட ஒண்டில எழுதிக்கொண்டே போகும். கரண்ட் போனா விட்ட இடத்தில இருந்து தொடரலாம். எங்கட ஊருக்காகவே செய்த மாதிரி. 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதையும் கண்டம், 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு ஒண்டு ஏறி முழு நாட்டையும் இருட்டாக்கினதையும் கண்டம். ஆனா அந்த மெப் பைலை லைவ் டிஸ்க்கின்ர ரெம்மில வைச்சா கரண்டோட அதுவும் போயிடும், வேற பென் டிரைவ் ஒண்டில வைக்கோணும். புது டிஸ்க் பழசை விடப் பெரிசா இருக்கவும் வேணும், ஏனெண்டா வெறுமையான இடத்தையும் சேர்த்துத்தான் உரிக்கும். இது கறுப்புத் திரையில கட்டளை அடிச்சுச் செய்யிற வேலை, எந்த டிஸ்க் பழசு எந்த டிஸ்க் புதுசு எண்டு மாறி அடிச்சா கணக்குக்கு மேல வெறுமையைக் கொப்பி பண்ணிப்போடும், அதால பழக்கமான ஆள் ஒருத்தரைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு செய்யுங்கோ. எடுத்து முடிஞ்சா யூபீஎஸ் ஒண்டும் வாங்குங்கோ நானா, ஹாட்வெயார் கடைக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: உங்க பதில் எல்லாம் வர முன்னமே நாங்க போர்மட் பண்ணிட்டோம். அம்மாவோட கடைசிப் படங்கள் அதுலதான் இருந்துச்சு. ஏதாவது வழி இருக்கா?
(வாசகி, மட்டக்குளி)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தக் கொம்பியூட்டரைப் பாவிக்கிறதை நிப்பாட்டுங்கோ. பாட்டுக் கேக்கவும் வேண்டாம். போர்மட் பண்ணினா கூடுதலா அழியிறது எது எங்க கிடக்கு எண்ட பட்டியல்தான், படம் அதே இடத்தில கிடக்கும், அதுக்கு மேல புதுசா ஒண்டு எழுதப்படும் வரைக்கும். புது விண்டோஸ் கொஞ்ச இடத்தை ஏற்கெனவே தின்னிருக்கும், மிச்சத்தையாவது பாப்பம்.

உள்ளுக்க இருக்கிறது பழைய சுழலுற ஹாட் டிஸ்க் எண்டா நம்பிக்கை நல்லாவே இருக்கு. லைவ் லினக்ஸால எழும்பி போட்டோரெக் எண்ட சொப்ட்வெயாரை ஓட்டுங்கோ, சிஸ்டம் ரெஸ்க்கியூவில அது முன்னமே இருக்கு, கிறிஸ்தோப் கிறெனியே எண்டவர் செய்தது, காசு இல்லை. பட்டியலை நம்பாம டிஸ்க்கை ஒவ்வொரு துண்டாப் பார்த்து, இது ஒரு படத்தின்ர தலை மாதிரி இருக்கே எண்டு பிடிச்சு இழுத்து எடுக்கும். பேர், திகதி, போல்டர் ஒண்டும் வராது, ஆயிரக்கணக்கில இலக்கம் போட்ட பைலா வந்து குவியும், இணையத்தில பார்த்த பக்கங்களின்ர சின்னப் படங்களும் சேர்ந்துதான் வரும், இருந்து பொறுக்கோணும். எடுக்கிறதைக் கட்டாயம் வேற டிஸ்க்கில போடுங்கோ, அதே டிஸ்க்கில போட்டா அம்மாவின்ர படத்துக்கு மேலயே எழுதிப்போடும்.

எஸ்எஸ்டீ எண்ட சுழலாத புது வகை டிஸ்க் எண்டா, உண்மையைச் சொல்லுறன், அநேகமாக் கிடைக்காது. போர்மட் பண்ணேக்கயே இந்த இடம் எல்லாம் இனி வேண்டாம் எண்டு டிஸ்க்குக்குச் சொல்லப்படும், எஸ்எஸ்டீ அதைத் தானாத் துடைச்சு வைச்சிடும். அப்பிடி எண்டா குடும்பத்து வட்ஸ்அப் குறூப், சொந்தக்காரரின்ர பழைய போன், கூகிள் போட்டோஸ் எண்டு அந்தப் பக்கம் தேடுங்கோ. அம்மாவின்ர படம் உங்களிட்ட மட்டும் இருந்திருக்காது.

கேள்வி: லைவ் லினக்ஸ் போட்டா விண்டோஸ் பாஸ்வேர்ட் இல்லாமலே பைல் எல்லாம் எடுக்கலாம் எண்டா, என்ர லப்டொப்பை ஆரும் அப்பிடி எடுக்கலாமோ?
(வாசகர், தெகிவளை)

பதில்: பிட்லொக்கர் போட்டிராட்டி எடுக்கலாம். விண்டோஸ் பாஸ்வேர்ட் விண்டோஸ் வாசலில நிக்கிற காவலாளிக்கு மட்டும்தான் தெரியும், பின்கதவால வாறவனை அவர் காணவும் மாட்டார். தடுக்கோணும் எண்டா கொட்டாஞ்சேனைத் தம்பியைக் கஷ்டப்படுத்தின அதே பிட்லொக்கர்தான் வழி. போடுறதெண்டா அந்த 48 இலக்கத்தைக் கடதாசியில அச்சடிச்சு, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கிற கோவைக்குள்ள வையுங்கோ. அதே லப்டொப்பின்ர டெஸ்க்டொப்பில சேவ் பண்ணி வைச்ச ஒரு ஐயாவை எனக்குத் தெரியும்.

கேள்வி: எனக்கு இதெல்லாம் செய்யத் தைரியம் இல்லை, காசு குடுத்து யூனிட்டி பிளாசாப் பக்கம் ஒரு கடையிலதான் செய்விக்கப் போறன். ஏமாறாம இருக்க என்ன சொல்லிக் குடுக்கிறது? லப்டொப் ஓன் ஆகவே இல்லை, லைட்டும் எரியேல்லை.
(வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: லைட்டே எரியாட்டி லைவ் டிஸ்க்குக்கு வேலை இல்லை அக்கா, ஏறி ஓட ஒரு மெசின் வேணுமே. ஆனா டிஸ்க் நல்லாவே இருக்கலாம். கழட்டி ஒரு யூஎஸ்பி கேசிங்குக்குள்ள போட்டு வேற கொம்பியூட்டரில குத்தினா எக்ஸ்டேர்னல் டிஸ்க் மாதிரித் திறக்கும், கேசிங் அந்தக் கடையளிலயே விக்கிறாங்கள். பழைய இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு ஒரு மாதிரி, சுவிங்கம் துண்டு மாதிரி இருக்கிற எம் டொட் டூ எண்ட எஸ்எஸ்டீக்கு வேற மாதிரி, அதால டிஸ்க்கைக் கையில கொண்டுபோய்த்தான் வாங்கோணும். இந்த வேலையை உங்களுக்கு முன்னாலயே செய்யச் சொல்லுங்கோ, பத்து நிமிசம் காணும்.

கடையில விட்டிட்டுத்தான் வரோணும் எண்டா, முதல் பைல், பிறகு திருத்தம் எண்டு பில்லிலயே எழுதுவியுங்கோ. எடுத்ததை உங்கட டிஸ்க்கில போட்டுத் தந்து, நீங்கள் திறந்து பார்த்த பிறகுதான் விண்டோஸில கை வைக்கலாம் எண்டு சொல்லுங்கோ. கவுண்டரில நிக்கிற ஆளிட்ட நீங்கள் சொல்லுறது உள்ளுக்க வேலை செய்யிற பெடியனுக்குப் போய்ச் சேராது, எங்கட வீட்டுக் கலியாண வீடியோ அப்பிடித்தான் போனது. அதால லப்டொப் மூடிக்கு மேல பெரிய துண்டில தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதி செலோடேப்பால ஒட்டிவிடுங்கோ, போர்மட் பண்ண வேண்டாம், போமட் கரன்ன எபா எண்டு.